காலரில் சிவந்த மஞ்சள்

காலையில் அகிலாண்டம் வைத்த மஞ்சள் மதியத்துக்குள் சிவந்துவிட்டது.

அம்பர்நாத் சாயத் தொழிற்சாலையின் சோதனை அறை. கண்ணாடிக் குடுவையில் திருவேங்கடம் தன் உருவத்தைப் பார்த்தான். புது வெள்ளைக் கோட்டின் காலர் நுனியில் ரத்தம் போல ஒரு பொட்டு.

மாட்டுங்கா வீட்டில் கிளம்பும்போதே மனைவியோடு சண்டைதான்.

"இது ஆபீஸ் கோட்டுடி. மஞ்சளெல்லாம் வைக்காதே."

"புதுத் துணியை மஞ்சள் வைக்காமப் போட்டுப்பாளோ? அதுவும் வேலை பெர்மனென்ட் ஆகற நாள்! சித்த ஆடாம நில்லுங்கோன்னா."

குழைத்து அழுத்தி வைத்துவிட்டாள்.

போன மாதம் ஒருத்தன் கோட்டில் நீலத் துளி ஒன்று இருந்தது. சோதனைச் சாயத்தில் அது விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, மேலாளர் ஜஹாங்கீர் சேட் அவனைச் சோற்று டப்பாவைத் திறக்கக்கூட விடாமல் வெளியே அனுப்பினார். திருவேங்கடத்தின் பெர்மனென்ட் உத்தரவில் இன்று கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

ஏன் சிவந்தது என்பது திருவேங்கடத்துக்குத் தெரியும். அதுதான் கொடுமை. மஞ்சளின் மூலக்கூறு ஒரு கார்பன் சங்கிலி. ஒவ்வொரு கார்பனும் எலக்ட்ரான்கள் குடியிருக்கும் தன் ஆர்பிட்டால்களைக் கலந்து மூன்று கைகளைத் தட்டையாக நீட்டும். கலக்காமல் மிஞ்சிய ஒன்று நிமிர்ந்து நின்று பக்கத்துக் கார்பனோடு தோள் உரசும், தாதர் பாலத்தில் காலை நேரத்து ஆட்கள் மாதிரி. அந்த நெரிசலில் எலக்ட்ரான்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். சோப்போ சுண்ணாம்போ அமோனியாவோ, காரம் பட்டால் ஒரு ஹைட்ரஜன் கழன்றுவிடும். எலக்ட்ரான்கள் இன்னும் அவிழ்ந்து ஓடும், விழுங்கும் ஒளி மாறும், மஞ்சள் சிவப்பாகும்.

'சோப்புக் கையோடு வைத்திருக்கிறாள்' என்று முடிவு கட்டினான்.

காரத்துக்கு மருந்து அமிலம். உதவியாள் பூலோகத்தைக் கூப்பிட்டான்.

"பூலோகம், கேன்டீன்ல ஒரு எலுமிச்சம்பழம் கெடைக்குமா?"

தாராவியிலிருந்து ரயிலேறி வரும் பூலோகம் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான். "எதுக்கு சார், சேட்டுக்குத் திருஷ்டி சுத்தவா?"

"எனக்குச் சுத்தணும்ப்பா. ஓடு."

எலுமிச்சைச் சாறு பட்டதும் பொட்டு மஞ்சளானது. ஆனால் சாறு மஞ்சளைக் கரைத்துக் காலர் முழுக்க இழுத்துவிட்டது. பொட்டாக இருந்தது உள்ளங்கை அகலம் ஆயிற்று. சற்று நேரத்தில் அந்த அகலமும் ஓரத்திலிருந்து சிவக்க ஆரம்பித்தது.

நடையில் சேட்டின் பூட்ஸ் சத்தம்.

திருவேங்கடம் அலமாரிக்குப் பின்னால், சாயத்தைக் குளிர்விக்க ஐஸ் செய்யும் அறையின் சுவரோடு ஒட்டிய மூலையில் போய் ஒடுங்கினான். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் இயந்திரம் இரைந்தது. பயத்தில் நெஞ்சு அடைத்தது. தொண்டை எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முப்பது வயது ஆம்பளை இப்படியா அழுவது என்று அவனுக்கே அவமானமாக இருந்தது. மூக்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். அனிலின் என்ற சாயச் சரக்கின் வாடையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது மூக்குக்கண்ணாடி மாட்ட மட்டும்தான் உதவும். அவனுக்கோ கூடவே மழைக்காலச் சளி.

"பூலோகம், தொண்டை வறளுது. பக்கத்து ரூம்ல ஒரு துண்டு ஐஸ் வாங்கிண்டு வா," என்று கிசுகிசுத்தான்.

குனிந்து பார்த்தான். காலர் முழுவதும் குங்குமம்.

"க்யா ஹை யே?" அலமாரியைச் சுற்றிக்கொண்டு சேட் மூலைக்கே வந்துவிட்டார். "கோட்டில் என்ன? ரத்தமா?"

"மஞ்சள், சேட்."

"மஞ்சளா? எனக்குக் கண் இல்லையா?"

"காரம் பட்டா சிவக்கும், சேட். எலக்ட்ரான்..." மேலே பேச முடியாமல் இருமினான்.

சேட்டும் இருமினார். "என் அறையில் காரம் எங்கே இருக்கிறது? காட்டு!"

திருவேங்கடம் அலமாரித் தட்டுகளைத் துழாவினான்; சாயக் குப்பிகள்தான் இருந்தன.

"கோட்டைக் கழற்று. நாளையிலிருந்து வராதே."

திருவேங்கடம் கழற்றினான். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. நிமிர்ந்து பார்த்தவன் திகைத்தான். சேட்டின் கண்களிலும் நீர்! கைக்குட்டையால் ஒற்ற ஒற்ற வழிகிறது. இந்த மனுஷனுக்குள் இத்தனை ஈரமா? இன்னும் ஒரு தடவை கெஞ்சினால் போதும்.

"சேட், வயித்துல அடிக்காதீங்கோ," என்று கைகூப்பி, அவரைச் சுவரோரமாக இன்னும் நெருங்கினான்.

கதவு படாரென்று திறந்தது. ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூலோகம் நின்றான்.

"ஐஸ் எங்கன எடுக்க சார்? மிஷினு குழா ஒடஞ்சு காலையிலேருந்தே அமோனியா கேஸு ஒழுவுதாம், அங்க இருந்தவனெல்லாம் ஓடிட்டான். செவத்து வெடிப்பு வழியா அம்புட்டும் இந்த மூலைக்குத்தான வருது, இங்கன நின்னு ரெண்டு பேரும் எதுக்கு அழுதுக்கிட்டு இருக்கிய?"