மகளின் அறையில் ஒரு பாழடைந்த மாளிகை

உலகத்தில் பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பேயே கிடையாது என்று மேஜையைத் தட்டிப் பேசுகிறவர்கள் உண்டு; இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? பழைய பேய்ப்படங்களைப் பார்த்துப் பார்த்தே தானும் ஒரு பேய்ப்படம் எடுக்கக் கிளம்புகிற இனம். தயாரிப்பாளர் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, வெட்கமும் கிடையாது. இவர்களைக் கேலி செய்ய உனக்கென்ன தகுதி என்கிறீர்களா? நானும் ஒரு காலத்தில் மொட்டைமாடியில் ஒரு பேயை நடக்கவிட்டவன்தான். அந்தப் பேய் தண்ணீர்க் குழாயில் தடுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டதோடு என் கலைவாழ்க்கை முடிந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் இயக்குநர் இந்த இனத்தின் அசல் மாதிரி. வாரத்தில் ஐந்து நாள் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர். படம் பார்த்து நீங்கள் பயந்ததுண்டா என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். பயமா? அதெல்லாம் நம்மைப் போன்ற அற்பர்களுக்கு. இவர் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி, பேயின் மூக்கு நிழல் எந்தச் சுவரில் விழுகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வார். பளிச்சென்று எடுத்த காட்சி பழைய படம் போலத் தெரிய, நாள் முழுக்க உட்கார்ந்து அதில் கீறலும் தூசியும் மழைக்கோடும் சேர்ப்பார். கதவு கிறீச்சிட வேண்டும் என்பதற்காகக் கீலில் இருந்த எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பாழாய்ப்போன கதவு முன்னைவிட வழுவழுவென்று திறந்தது.

இரண்டு படம் எடுத்தாயிற்று, இரண்டையும் குறும்பட விழாக்குழு திருப்பி அனுப்பியாயிற்று. மூன்றாவதற்காகத் தன் ஏழு வயது மகளின் அறையைப் பாழடைந்த மாளிகையாக்கினார். ஜன்னலில் கறுப்புத் துணி, மூலையில் பஞ்சைப் பிய்த்து ஒட்டிய சிலந்திவலை, சுவரில் ரசம்போன ஆளுயரக் கண்ணாடி. மகள் ஒன்றரை வருடமாகக் கூடத்து சோபாவில் படுக்கிறாள். மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டார்:

"இதுவும் திரும்பி வந்துச்சுன்னா ரூமைப் பாப்பாவுக்குக் குடுத்துடணும். அப்புறம் படம் கிடம்னு இந்த வீட்ல பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்றார் இயக்குநர்.

பேயும் அதே மனைவிதான். கேமரா, கல்யாண வீடியோ எடுக்கும் மச்சான். ஞாயிறு மதியம், விரித்த தலையும் வெள்ளைத் துணியுமாகப் பேய் தயாரானது. அதன் கையில் ஒரு மெழுகுவர்த்தி.

"ஏங்க, பேய்க்கு எதுக்கு மெழுகுவர்த்தி? அதுக்கு இருட்டுல கண்ணு தெரியாதா?"

"பழைய படத்துல எல்லாம் அப்படித்தான் வரும்."

"அதான், ஏன் வருதுன்னு கேக்கறேன்."

"அந்தக் காலத்து கேமராவுக்கு வெளிச்சம் பத்தாது மாப்ள" என்றார் மச்சான். "அதனால எதையோ கொளுத்திக் கையில குடுத்துச் சமாளிச்சிருக்காங்க. என் கேமராவுக்கு அது தேவையே இல்ல."

இயக்குநர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னவர்கள் வேறு வழியில்லாமல் செய்ததையெல்லாம் வேதமாக எடுத்துக்கொள்வதுதானே இந்த இனத்தின் பக்தி? மனைவி நடந்தார், சூடான மெழுகு கையில் சொட்டியது, "ஐயோ அம்மா!" என்று அலறினார். மச்சானே கேமராவோடு ஓரடி பின்வாங்கிவிட்டார். "பேய் அலறக் கூடாது, சிரிக்கணும்" என்று இயக்குநர் அதை மறுபடி எடுத்தார்.

படம் முடிந்தது. கூடத்தில் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டினார். காட்சிக்குக் காட்சி, எந்தப் படத்திலிருந்து வந்தது என்று மச்சான் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் இயக்குநர் பெருமையாகத் தலையாட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, அம்மா கண்ணாடி முன் நின்று வசனம் பேசும் காட்சி வந்தது. கண்ணாடியின் ஓரத்தில், இருட்டில், இன்னொரு முகம். பிதுங்கிய கண்கள், வழியும் வியர்வை. அம்மா பேசப்போகும் வார்த்தைகளை அம்மாவுக்கு முன்பே அந்த உதடுகள் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தன.

மகள் வீறிட்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "யாரும்மா அது?"

"பயப்படாதடி, அது அப்பாதான். கேமராவுக்குப் பக்கத்துல நின்னாங்கல்ல, கண்ணாடியில விழுந்துட்டாங்க."

"இல்ல. அப்பா அப்படி இருக்க மாட்டாங்க."

"எனக்கே புல்லரிச்சுப் போச்சு" என்றார் மச்சான். "மாப்ள, இதை மட்டும் தொட்டுடாதீங்க. இதுதான் படம்."

இயக்குநருக்கு மானம் போயிற்று. "கண்ணாடியில டைரக்டர் தெரியறதாவது! பழைய ஆளுங்க யாராவது இப்படி விட்டிருப்பாங்களா?" என்று அந்த இடத்தை அப்போதே வெட்டி எறிந்து, நூலில் கட்டிய வௌவால் ஒன்றைப் பறக்கவிட்டு, விழாவுக்கு அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. 'பழைய படங்களை நிறையப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வருந்துகிறோம்.' முதல் வரியை மட்டும் நாலைந்து முறை படித்து அவர் பூரித்துக்கொண்டிருந்தபோதே, மனைவி அறையில் கறுப்புத் துணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெயில் உள்ளே வந்தது. மகள் தலையணையோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, அந்தக் கண்ணாடியை மட்டும் எடுத்துடுங்க. எனக்கு இன்னும் பயமா இருக்கு."

மூன்று படம் எடுத்து இந்த மனிதர் பயந்து வீறிட வைத்தது ஒரே ஓர் ஆளை, ஒரே ஒரு தடவை. அதையும் தன் கையாலேயே வெட்டிப் போட்டுவிட்டார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அது அவருக்கு உறைத்தது. அழுதுவிட்டார், பாவம்.

நீங்களும் உச்சுக் கொட்டுகிறீர்கள். நல்லது. ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்: கண்ணாடியில் அந்த முகம் தெரிந்த இடத்தைப் படித்தபோது உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டதா, இல்லை, 'இதை ஏதோ ஒரு பழைய படத்தில் பார்த்திருக்கிறோமே' என்று நெற்றியைச் சுருக்கினீர்களா? சுருக்கினீர்கள் என்றால், உங்கள் வீட்டுக் குழந்தையிடம் அதன் அறையை இன்றைக்கே உள்பக்கம் தாழிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.