பன்னிரண்டு வோல்ட் பொறாமை

இனிமேல் தன் வீட்டில் இன்னொரு ஆம்பளையின் பெருமையைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று, பல் தேய்க்கும்போதே கரண்ட்காரர் முடிவு கட்டிவிட்டார். நல்ல முடிவுதான். வாய் கொப்பளிக்கும் வரைகூடத் தாங்கவில்லை.

"ஏங்க, மாடிவீட்டுக்காரர் தன் கையாலேயே ரேடியோவுக்குப் பவர் சப்ளை செஞ்சுட்டாராம்" என்றாள் மனைவி, தையல் மெஷினில் நூல் கோத்தபடி.

"யார் சொன்னா?"

"மாடிவீட்டு அக்காதான். 'நான் கேட்டு வாயை மூடல, அவர் செஞ்சு முடிச்சுட்டார்'னாங்க. சொல்லும்போது அவங்க முகத்தைப் பார்க்கணுமே!"

"முகத்துல என்ன?"

"சந்தோஷம். நம்ம வீட்டுல அந்தச் சாமான் கிடையாது."

கரண்ட்காரர் மின்வாரியத்தில் குமாஸ்தா. மின்சாரத்தைக் காகிதத்தில் மட்டுமே தொட்டவர். ஆனாலும் தெரு கொடுத்த பட்டப்பெயரை அவர் மறுத்ததில்லை. மனைவியின் தம்பி பழைய காரிலிருந்து கழற்றிக் கொடுத்த ரேடியோ ஒன்று அலமாரியில் ஊமையாய்க் கிடந்தது. அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும்; வீட்டு மின்சாரத்தை அந்த அளவுக்கு இறக்கித் தருவதுதான் பவர் சப்ளை. தைக்கும்போது பாட்டுக் கேட்க அவளுக்கு ஆசை. எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் தந்த பதில்: "ம்ம்."

இப்போது மாடியிலிருந்து பாட்டு இறங்கி வந்தது. கரண்ட்காரர் கூரையை முறைத்தார். மருந்துக்கடையில் இருமல் மருந்து விற்கிறவனுக்கு எலக்ட்ரானிக்ஸா? தலைநிறைய முடி வேறு வைத்திருக்கிறான். போகட்டும். படியிறங்கும்போது எதற்கு விசில்? யார் காதில் விழ?

அன்றே சாமான் கடைக்குப் போனார். ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கினார். நாலு டயோடு வாங்கினார். கடைக்காரர் கேட்டார்.

"கெப்பாசிட்டர் எது வேணும் சார்?"

"மாடிவீட்டுக்காரர் எது வாங்கினார்?"

"எந்த மாடிவீடு?"

"அதை விடுங்க. இருக்கறதுலயே பெரிய நம்பர் போட்டதாக் கொடுங்க."

"இந்தாங்க, நானூத்தம்பது வோல்ட். ஆனா இது உங்களுக்கு எதுக்கு? மின்சாரத்தைத் தேக்கற அளவு பத்து மைக்ரோஃபாரட்தான். நல்லாத் தாங்கும், ஒண்ணும் தேக்காது."

கரண்ட்காரர் காதில் நானூற்றைம்பது மட்டும்தான் விழுந்தது. மாடிவீட்டான் தலைகீழாய் நின்றாலும் இவ்வளவு வோல்ட் பார்த்திருப்பானா?

சாப்பாட்டு மேஜையில் கடை பரப்பினார். கம்பியைச் சுட்டார், விரலைச் சுட்டார், மேஜையையும் சுட்டார். எல்லாம் முடிந்து சுவிட்சைத் தட்டியதும் ரேடியோ வாயைத் திறந்தது.

"ம்ம்ம்ம்ம்ம்..."

பாட்டு எங்கோ அடியில் முக்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரே உறுமல்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அட, அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கு! எது கேட்டாலும் 'ம்ம்'. மாடிவீட்டுல பாட்டு மட்டும்தான் வருது."

மறுபடி கடை. கடைக்காரர் சிரிக்கவில்லை. அது இன்னும் வலித்தது.

"டயோடுலேர்ந்து மின்சாரம் ஏறி ஏறி இறங்கி வரும் சார். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கெப்பாசிட்டர். நாலாயிரத்து எழுநூறு மைக்ரோஃபாரட் போடுங்க, உறுமல் அடங்கிடும். வோல்ட் இருபத்தஞ்சு."

"ட்ரான்ஸ்ஃபார்மர் பன்னிரண்டுதானே? பதினாறு போதாதா?"

"பன்னிரண்டுன்னு போட்டிருந்தாலும் உச்சத்துல பதினஞ்சு பதினாறுக்கு எகிறும். பதினாறு வோல்ட்டுங்கறது உடம்பைப் பிடிச்ச சட்டை. தும்மினாப் பட்டன் போயிடும். அப்புறம், முக்கியமா ஒண்ணு. பக்கவாட்டுல வெள்ளைக் கோடு இருக்கே, அது மைனஸ். மாத்திக் கொடுத்துடாதீங்க."

"எனக்கா சொல்றீங்க?"

வீட்டுக்கு வந்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். சரியாகத்தான் பிடித்தார். அந்த நேரம் பார்த்து மனைவி சொன்னாள்:

"மாடிவீட்டு அக்கா வந்தாங்க. அவர் ஒரே மூச்சுல செஞ்சாராம். 'உங்க வீட்டுக்காரர் இன்னும் கடைக்கு நடக்கறாரா பாவம்'னு விசாரிச்சாங்க."

"பாவமா? என்னையா?"

அந்தக் கோபத்தில் ப்ளஸ் எது, மைனஸ் எது, மாடிவீட்டான் எது என்றே தெரியவில்லை. கம்பிகளைப் பற்றவைத்தார். சுவிட்சைத் தட்டினார். கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் பொறுமையாய் இருந்தது. பிறகு "ஸ்ஸ்" என்றது. பிறகு "டப்!"

கண்ணைத் திறந்தபோது கரண்ட்காரர் மேஜைக்கு அடியில் இருந்தார். தலையில் கெப்பாசிட்டருக்குள்ளிருந்து பறந்த காகிதத் துணுக்குகள். அறை முழுக்க நாற்றம்.

"ஏங்க, உயிரோட இருக்கீங்களா?"

"ம்ம்."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள், ஜன்னலைத் திறந்தாள், அவர் தலையைத் தட்டிவிட்டாள். "போதுங்க. மாடிவீட்டுக்காரரையே கூப்பிட்டு ஒரு தடவை..."

"என் பொணத்தைத் தாண்டித்தான் அவன் இந்த மேஜைக்கு வரணும்!"

மூன்றாம் முறை அவர் வேறு மனிதர். புதுக் கெப்பாசிட்டரின் வெள்ளைக் கோட்டை மைனஸோடு சேர்த்தார். நாலு தடவை சரிபார்த்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, துடைப்பக் கட்டையால் தூரத்திலிருந்து சுவிட்சைத் தட்டினார். உறுமல் இல்லை. பாட்டு தண்ணீர் மாதிரி ஓடியது. மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் முகத்தில் அந்தச் சாமான் இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாடிவீட்டானிடம் சொல்லாத வெற்றி ஒரு வெற்றியா? விசிலடித்துக்கொண்டே படியேறினார்.

கதவு திறந்தே கிடந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மருந்துக்கடைக்காரர் சொட்டச் சொட்ட எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்க சார். வேடிக்கை பார்க்கத்தானே வந்தீங்க? உங்களாலதான் எனக்கு இந்தக் கதி!"

"நான் என்ன செஞ்சேன்?"

"உங்க வீட்டுக் குழாயைக் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நீங்களே சரி பண்ணிட்டீங்களாமே! எங்க வீட்டுல நித்தம் அதே பேச்சு. உங்க பேரைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"எங்க வீட்டுக் குழாயா? அது இப்பவும் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு. நீங்கதானே பவர் சப்ளையை ஒரே மூச்சுல..."

"அது கடையில வாங்கினது சார்! பல்பு மாத்தவே நான் ஆள் கூப்பிடுவேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கரண்ட்காரர் கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். முடி ஈரமானதில் தலை பாதி வழுக்கையாய்த் தெரிந்தது. ரொம்ப நல்ல மனுஷன் என்று பட்டது.

இருவரும் தோளோடு தோள் சேர்த்துக் கீழே இறங்கினார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இரண்டு மனைவிகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு!" என்றார் கரண்ட்காரர். "எதுக்கு இந்தப் பொய்?"

"நிஜமாக் கேட்டப்போ 'ம்ம்'னுதானே சொன்னீங்க" என்றாள் மனைவி.

"இனிமே ஒருத்தரைக் காட்டி ஒருத்தரை வேலை வாங்க முடியாது. நாங்க ஒத்துமை ஆயாச்சு. என்ன சார்?"

"ஆமாம்" என்றார் மருந்துக்கடைக்காரர், சொட்டியபடி.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள் மாடிவீட்டு அக்கா. பிறகு கத்தரிக்கோலைப் பார்த்தே சொன்னாள்: "நம்ம ரெண்டு வீட்டுக்கும் வாங்கின புதுத் தண்ணித் தொட்டி இன்னும் வாசல்லயே கிடக்கு. மூலைவீட்டு டிரைவர் அவங்க தொட்டியை ஒத்தை ஆளா மொட்டைமாடிக்கு ஏத்திட்டாராமே?"

கரண்ட்காரர் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார்.

"ஒத்தை ஆளாவா?"

"ஒத்தை ஆளாத்தான்" என்றாள் மனைவி, தலை நிமிராமல். "உங்களுக்கென்ன, ரெண்டு பேர் இருக்கீங்களே."