ஒற்று மிகும் இடம்

"ஐயா, நான் மத்திய அரசில் பல வருடங்களாக வேலை செய்கிறேன் என்று எழுதினேன். உங்கள் மென்பொருள் அதை 'வேலைச் செய்கிறேன்' என்று திருத்திவிட்டது. நான் குமாஸ்தா. வேல் செய்பவன் இல்லை. இந்தத் தொந்தரவு சில நாளாக விட்டுவிட்டு வருகிறது. இப்படிக்கு, விஸ்வநாதன், சரோஜினி நகர்."

ஆரோன் இந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். போன வாரம்தான் இதே பிழையைக் கௌஷிக் சரிசெய்திருந்தான். அது தெரியாமல் சுபிக்ஷாவும் அதையே வேறு வழியில் சரிசெய்தாள். இரண்டு சரிகளும் சேர்ந்து ஒரு தவறாகி, விஸ்வநாதனை மறுபடியும் வேல் பட்டறையில் கொண்டுபோய் விட்டிருந்தன.

மென்பொருளின் பெயர் 'ஒற்று'. தமிழில் எங்கே க், ச், த், ப் போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்று சொல்லும். இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அப்படித் திருத்த வந்தவர்கள்தான் கௌஷிக்கும் சுபிக்ஷாவும். கௌஷிக் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேச வரும், படிக்க வராது. இலக்கண விதியை வாயால் சொன்னால் போதும், எந்த மொழிக்கு எழுதுகிறோம் என்ற கவலையே இல்லாமல் நிரல் எழுதித் தந்துவிடுவான். சுபிக்ஷா ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் தமிழ் வசனங்களைச் சரிபார்ப்பவள். விதிகள் அவளிடமிருந்து வரும்.

ஆரோனுக்கு இதை விட்டால் வேறு ஒன்றுமில்லை. மனைவி ஜோஸ்லினுக்குத் தில்லி அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, பாளையங்கோட்டைக்காரனான அவன் சென்னை வேலையை விட்டுவிட்டு அவளோடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தவன். குர்கானில் கிடைத்த வேலை, யாரும் திறந்து பார்க்காத அறிக்கைகளைத் தயாரிப்பது. அந்தச் சோர்வில்தான் 'ஒற்று' பிறந்தது. அதையும் வெளியிட்டு ஒரு குளிர்காலம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆரோன் பேச்சைக் குறைத்தான், பிறகு சாப்பாட்டை. ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். பிறகு ஒருநாள் நாகர்கோவிலிலிருந்து தாமஸ் என்பவரின் முதல் புகார் வந்தது. அன்றைக்கு அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அடுத்துப் பட்டு என்றொரு அம்மாள், அப்புறம் விஸ்வநாதன் என்று புகார்தாரர்கள் பெருகினார்கள். ஒவ்வொரு புகாரையும் அவன் ஜோஸ்லினுக்கு வாசித்துக் காட்டுவான். அவளும் புதிதாகக் கேட்பதுபோல் "அப்புறம்?" என்பாள்.

அப்படிப்பட்ட புகார்கள்தான் இப்போது மின்னஞ்சலில் பாதி, இணையப்பக்கத்தில் பாதி என்று சிதறிக் கிடந்தன. பிழைகளைப் பதிந்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கண்காணிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவாயிற்று. அதைத் தேர்ந்தெடுக்க மூவரும் ஆரோன் வீட்டில் கூடினார்கள்.

"எங்க ஆபீஸ்ல இருக்கறதையே போட்டுக்கலாம், யார். அதுல எல்லாம் இருக்கு," என்றான் கௌஷிக். 'நண்பா' என்பதற்குத் தில்லி வழக்கப்படி 'யார்' என்பான்.

"அது ஒரு கம்பெனி பூட்டி வெச்சிருக்கற சாமான்," என்றாள் சுபிக்ஷா. "நம்மது திறந்த மென்பொருள்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, புகாரை மட்டும் பூட்டின பெட்டியில வாங்கறதா?"

"அச்சா, புகார் வந்து சேர்ந்தா போதாதா?"

"போதாது."

யாரையும் மனம் நோகவைக்கத் தெரியாத ஆரோன், கொஞ்ச நாளைக்கு இரண்டையுமே வைத்துப் பார்க்கலாம் என்றான். எல்லாக் கெடுதலும் அதில்தான் தொடங்கியது.

கௌஷிக் தன் அமைப்பில் முதல் பிழையைப் பதிந்தான்: "சுபிக்ஷாவின் அமைப்பு மிக மெதுவாக இருக்கிறது. தீவிரம்: அதிகம்." சுபிக்ஷா தன் அமைப்பில் பதிந்தாள்: "கௌஷிக்கின் அமைப்பு பெயரைக் கேட்பதற்குள் ஒரு பக்கம் நிரப்பச் சொல்கிறது. தீவிரம்: சகிக்க முடியாதது." 'ஒற்று'வின் பிழை ஒன்றுகூட எதிலும் ஏறவில்லை.

இரண்டையும் சமாதானப்படுத்த ஆரோன் ஒரு சின்ன நிரல் எழுதினான். ஒன்றில் வரும் புகாரை அது மற்றதில் நகலெடுத்து வைக்கும். மற்றது அதைப் புதுப் புகார் என்று நினைத்து இங்கே திருப்பி அனுப்பும் என்பதை அவன் யோசிக்கவில்லை. சோதனைக்காக விஸ்வநாதனின் புகாரைப் பதிந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவருடைய ஒரு வேல் ஆயிரக்கணக்கான வேல்களாகி நின்றது. சுபிக்ஷாவின் நண்பர் இரவலாகத் தந்திருந்த சர்வர் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது.

"இனி அவர் முகத்துல நான் எப்படி முழிக்கறது?" என்று கேட்டாள் சுபிக்ஷா.

"நாம அடிச்சுக்கறத விட பயனர்களையே கேட்டுரலாம்," என்றான் ஆரோன் கடைசியில். புகார் எழுதிய அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போயிற்று. மறுநாளே எல்லாரும் பதில் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில், "புது அமைப்பு எதுவும் வேண்டாம். இப்போது இருப்பதே சௌகரியமாக இருக்கிறது," என்றார்கள்.

ஆரோனுக்குக் கண் கலங்கியது. இத்தனை ஒற்றுமையான பயனர்கள் யாருக்குக் கிடைப்பார்கள்?

கௌஷிக்குக்குக் கலங்கவில்லை. "தில்லியில ஒரு காலனி அசோசியேஷன்கூட ஏகமனதா வோட்டுப் போட்டதில்ல, யார். இதுல ஏதோ கோல்மால் இருக்கு. யாரோ உக்காந்து கள்ள வோட்டு போட்டிருக்கா."

"யாரோன்னா?" என்றாள் சுபிக்ஷா.

"நான் பேர் சொல்லலையே."

"என்னோட சர்வர் போச்சு, உன்னோடது வந்துரக் கூடாதுன்னு நான் போட்டேன்கற. அதானே?"

அவன் தோளைக் குலுக்கினான். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஆரோன், நீங்களாவது இல்லைன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்ப வரவில்லை. தமிழ் இலக்கணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கள்ள வோட்டுச் சந்தேகம் இனி யாருக்கும் வரக் கூடாது என்று ஆரோன் மூன்றாவதாக ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்தான். திறந்த மென்பொருள், நிரப்ப வேண்டிய கட்டங்கள் குறைவு, வேகம். புகார் சொல்ல வருகிறவர் தன் ஃபோன் எண்ணைக் கொடுக்க வேண்டும், அதற்கு வரும் ரகசிய எண்ணைப் பதிய வேண்டும், ஓர் எண்ணுக்கு ஓர் ஆள். மின்னஞ்சலையும் இணையப்பக்கத்துப் பெட்டியையும் மூடிவிட்டான்.

டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜோஸ்லின் வாசலிலேயே நின்றாள். "அந்த நம்பர் கேக்கத மட்டும் எடுத்துருங்களேன்."

"ஏன்?"

"பொம்பளைங்க எல்லாம் நம்பர் குடுக்கத் தயங்குவாங்கல்லா. அந்தப் பட்டம்மா குடுப்பாங்களா?"

"நம்ம மேல அவங்களுக்கு நம்பிக்கை இருக்கு. ஒனக்கு இதெல்லாம் புரியாது, ஜோஸ்லின்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

புது அமைப்பு திறந்தது. முதல் நாள் புகார் இல்லை. அந்த வாரமும் இல்லை. 'ஒற்று'வில் பிழையே தீர்ந்துவிட்டதோ என்று ஆரோன் கொஞ்சம் பெருமைப்பட்டான். சோதித்துப் பார்த்தான். விஸ்வநாதன் இன்னும் வேல்தான் செய்துகொண்டிருந்தார்.

"புகார் இல்லன்னா பிழை இல்லன்னு அர்த்தமில்ல, யார். ஆள் இல்லன்னு அர்த்தம்," என்றான் கௌஷிக். அவன் குரலில் வருத்தம் இருந்தது. "எனக்கும் ஆபீஸ்ல பிரஷர் ஜாஸ்தியாயிடுத்து." அதுவே அவனுடைய கடைசி ஃபோனாக இருந்தது.

குளிர் இறங்கிவிட்டது. எதிர் பிளாக் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். ஆரோன் மறுபடி ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டான். காலியான அந்தத் திரையை அலுவலகம் போகும் முன்பு ஒருதரம், வந்ததும் ஒருதரம் திறந்து பார்ப்பான். ஜோஸ்லின் வைத்த சாப்பாடு ஆறிப்போகும். அவள் பழையபடி அதை எடுத்து மூடி வைப்பாள். அவளும் இப்போது சரியாகப் பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசையம்மாள் வந்தாள். தூத்துக்குடிக்காரி, ஜோஸ்லினுடைய வார்டிலேயே மூத்த நர்ஸ். ஜோஸ்லின் டீ போட உள்ளே போனதும் ஆரோனைக் கூர்ந்து பார்த்தாள்.

"என்ன தம்பி, மொகம் இப்படி வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. 'ஒற்று'வ மூடிரலாம்னு பாக்கேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"யாரும் எழுதறதில்லக்கா. தாமஸ் சார் எழுதல, விஸ்வநாதன் எழுதல, பட்டம்மா எழுதல. எத்தனை பாசமா எழுதிட்டு இருந்தவங்க. இப்ப என்னைத் திட்டக்கூட ஒருத்தருக்கும் மனசில்ல."

சூசையம்மாள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மனசில்லன்னு சொல்லாதீங்க தம்பி. ஒங்க புது எடத்துல ஆளுக்கொரு நம்பர் கேக்குதாம்லா, கையில ஒரே ஒரு ஃபோன வச்சிக்கிட்டு இருவத்திரெண்டு பேருக்கும் நம்பருக்கு ஜோஸ்லின் எங்க போவா?"