கூம்புக்காக நின்ற கார்

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு இன்று காலை வரை எல்லோரும் நலம். அடுத்த வாரமும் அப்படிச் சொல்ல முடியுமா என்பது சந்தேகமாக இருப்பதால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் உங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

போன வருடம் நீங்கள் எங்களுக்குக் கொடுத்த பழைய வெள்ளைக் காரை நீங்களே வந்து திருப்பிக் கேட்க வேண்டும். என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, "மனசுக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு ஒண்ணு வச்சுக்குங்க சார்" என்றார் டாக்டர். செடி வளர்ப்பார் என்று நினைத்தேன். அவர் கார்ப் பந்தயத்தில் போய் விழுந்தார். ஆட்டோகிராஸ் என்று பெயர். மூடிக்கிடக்கும் தொழிற்சாலையின் வண்டி நிறுத்தும் இடத்தில் சாலையில் வைப்பார்களே, அந்த ஆரஞ்சுக் கூம்புகளை வளைவு வளைவாக நிறுத்தி, ஒவ்வொரு காராக விடுகிறார்கள். குறைந்த நேரத்தில் சுற்றி வருபவர் ஜெயித்தவர். இடித்த கூம்பு ஒன்றுக்கு இரண்டு வினாடி தண்டம். "இருக்கற காரே போதும். ஹெல்மெட் அங்கேயே இரவல் தர்றாங்க. நம்பரை டேப்பால ஒட்டிக்கலாம். இதைவிடச் சிக்கனமா யாராவது ரேஸ் ஓட்ட முடியுமா, சொல்லு!" என்றார். இதைவிடச் சிக்கனமாகச் சாகவும் முடியாது என்று நினைத்துக்கொண்டேன். நான் புள்ளியியல் படித்தவள். நிகழ்தகவு எனக்கு ஒருநாளும் தைரியம் தந்ததில்லை.

ஞாயிறன்று போனோம். முதலில் வண்டிச் சோதனை. "உள்ள எதுவும் உருளக் கூடாதுக்கா, எல்லாத்தையும் வெளிய எடுத்துடுங்க" என்றார் சோதனைக்காரர். மூன்று குடை, ஒற்றைச் செருப்பு, நீங்கள் தொலைத்துவிட்டு அண்ணியைத் திட்டிய மூக்குக்கண்ணாடி (இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்) என்று எங்கள் குடும்பத்தின் மானம் முழுவதும் ஒரு பழைய போர்வையில் பரப்பப்பட்டது. சோதனைக்காரர் பானெட்டைத் திறந்து, "சார், பேட்டரி ஆடுதே!" என்றார். "அது ரொம்ப நாளா ஆடுதுங்க" என்று இவர் ஏதோ சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவது போலச் சொன்னார். அதை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். கொடி இறங்கியது, இவர் கிளம்பினார். முதல் வளைவில் இண்டிகேட்டர் போட்டார். இரண்டாவதில் ஹாரன் அடித்தார். ஏழாவது கூம்பு லேசாக உரசிச் சாய்ந்தது, கார் அப்படியே நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரோ என்று எனக்கு மூச்சே நின்றது. கதவு திறந்தது. இறங்கினார். கூம்பை நிமிர்த்தி வைத்து, தூசி தட்டி, அதனிடம் ஏதோ சொல்லிவிட்டு, மறுபடி ஏறி, கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, இண்டிகேட்டர் போட்டுக் கிளம்பினார். "சார்! அது எங்க வேலை சார்! நீங்க ஓட்டுங்க சார்!" என்று ஒலிபெருக்கி அலறியது.

"ஏங்க இறங்கினீங்க?" என்றேன்.

"இடிச்சுட்டு நிக்காமப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

இத்தோடு விடுவார் என்று நம்பினேன். சாப்பிடும்போது, "வர்ற ஞாயித்துக்கிழமை நிக்க மாட்டேன், பாத்துக்கோ" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் கூம்புகள் வரிசையாக நிற்கின்றன. எப்பேர்ப்பட்ட அடக்கமான மனிதரையும் அந்த மைதானம் மாற்றிவிடும் அண்ணா. உடனே வந்து காரைக் கொண்டுபோய்விடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. எங்கே போனாலும் மெதுவாகப் போய் முழுசாக வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: மூக்குக்கண்ணாடியை உறையில் வைக்கும்போது மனசு உறுத்தியது. ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்பது அங்குள்ள விதி. இவர் என் பெயரையும் கொடுத்திருந்தார். ஓட்டினேன். ஐந்து கூம்புகளை இடித்தேன். ஒன்றுக்கும் நிற்கவில்லை. தண்டத்தைச் சேர்த்தும் இவரை முந்திவிட்டேன். மேலே எழுதிய பயமெல்லாம் நிஜம். யாரை நினைத்துப் பயம் என்பதை மட்டும் மாற்றி எழுதிவிட்டேன். கார் இங்கே இருக்கக் கூடாது, கட்டாயம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கழித்து வாருங்கள்.