இறால் தொக்கின் மீது ஒரு தாக்குதல்

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஆடியே தீருவது என்று சபதம் எடுத்தேன். நாலு மாதமாக என் ஞாயிறுகளை என் மனைவி தெய்வநாயகியின் இறால் தொக்கு தின்றுகொண்டிருந்தது. அதை விற்க அவள் ஒரு வெப்சைட் வைத்திருக்கிறாள். சனி சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை ஆர்டர். ஞாயிறு காலை டெலிவரி. டெலிவரி பாய், நாற்பத்தாறு வயதான நான்.

வழி காட்டியது எங்கள் உப்புக் கம்பெனி. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் என்பதால் என்னை சைபர் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை வந்ததும் வராததுமாக அவளிடம் அளந்தேன்.

"இதுக்குப் பேரு சேவை மறுப்புத் தாக்குதல், தெய்வா."

"சேவையா? தேங்காய்ப்பால் ஊத்திக் குடுத்தா எவன் மறுப்பான்?"

"அந்தச் சேவை இல்ல! வாங்காத கும்பல் ஒண்ணு கடை வாசல அடைச்சிக்கிட்டா, வாங்க வர்றவன் உள்ள வர முடியுமா? அதே மாதிரி ஒரே நேரத்துல கூட்டமா சைட்டுல வந்து மோதுவாங்க. சைட்டு படுத்துடும். எதையும் திருடமாட்டாங்க. யாரையும் உள்ள விடமாட்டாங்க, அவ்ளோதான்."

"ஐயய்யோ! எப்படிங்க தடுக்கறது?"

என் மனைவி நான் சொல்வதை வாய் பிளந்து கேட்டது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. புத்தி எங்கே வேலை செய்யும்?

"ஒரு ஆளு நிமிஷத்துக்கு இத்தனை தடவைதான் தட்டலாம்னு கட்டுப்பாடு வைக்கணும். கூட்டம் சேர்ந்தா வரிசையில நிறுத்தணும். சைட்ட நடத்திக் குடுக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சா, அவங்களே வடிகட்டுவாங்க" என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன்.

சனிக்கிழமை. பக்கத்து வீட்டு அசோகன் தலைமையில் வாலிபால் டீம், மச்சான், மாமன் என்று இருபத்திரண்டு பேர் செல்போனோடு ரெடி. ஆறு மணியிலிருந்து விடாமல் தட்ட வேண்டும். சைட் படுக்கும். ஆர்டர் வராது. ஞாயிறு விடுதலை. தெய்வநாயகி விடிகாலையிலேயே கூனிமேடு போய் வாங்கி வந்த இறாலைப் பார்த்தபோது கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

ஆறு பத்துக்கு அசோகனுக்குப் போன் போட்டேன்.

"படுத்துச்சாப்பா?"

"எங்க படுக்குது? 'கூட்டமா இருக்குது, வரிசையில நில்லுங்க'ன்னு வருது. கூடவே தொக்கு போட்டோ."

"தட்டிக்கிட்டே இரு!"

"தட்டுறோம்பா. இறாலு என்னமா மின்னுது தெரியுமா!"

ஆறரைக்கு மறுபடி போட்டேன். அவன் எடுக்கவில்லை.

ஏழு மணிக்குத் தெய்வநாயகி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, எவனுங்களோ சைட்டுல வந்து மோதுனானுங்க. நீங்க சொன்னதெல்லாம் வியாழக்கிழமையே செய்யச் சொல்லிட்டேன். வாடிக்கை ஆளுங்க எல்லாம் வரிசையில வந்து போட்டுட்டாங்க. புதுசா வேற இருபத்திரண்டு ஆர்டரு."

"இ... இருபத்திரண்டா?"

"அரைமணி நேரம் போட்டோவையே பார்த்தா பசிக்காதா, பாவம்? அசோகன் அண்ணன் மட்டும் ரெண்டு பாட்டில் கேட்டிருக்காரு."

ஞாயிறு காலை மைதானம் காலி. டீம் மொத்தமும் தொக்குக்காக அவரவர் வீட்டில் காத்திருந்தது. பெரிய முதலியார்சாவடி வரை ஸ்கூட்டரில் போய்த் திரும்பி, கடைசிப் பார்சலை அசோகனிடம் நீட்டும்போது மணி ரெண்டு. வாங்கிக்கொண்டு செல்போனைத் தட்டினான்.

"தங்கச்சி தொக்குக்கு அஞ்சு ஸ்டார்."

"கொண்டு வந்தவனுக்கு?"

"ஒண்ணு. லேட்டா வந்தியேப்பா."