செலஸ்டியல் சாப்பாடு

அப்பா போனதிலிருந்து அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மகள் ஓட்டலிலிருந்து வாங்கிவந்த பொட்டலங்களைப் பிரித்து வைத்தாள். அம்மா அவற்றைச் சந்தேகக் கேஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒரு வாய் சாப்பிடும்மா."

"அது கிடக்கட்டும். செலஸ்டியல்னா என்னடி அர்த்தம்?"

அம்மாவின் சமையலுக்கு அப்பா கல்யாணமான நாளிலிருந்து கொடுத்துவந்த சான்றிதழ் அது. முதல் கவளம் உள்ளே போகும். கண்ணை மூடுவார். "செலஸ்டியல்!" என்பார். பாராட்டாகத்தான் இருக்கும் என்று அம்மாவும் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி போடுவாள். அர்த்தம் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

"வானத்தைச் சேர்ந்ததுன்னு அர்த்தம்மா. உசத்தியான வார்த்தை" என்றாள் மகள்.

"வானத்துக்கு ஏதுடி ருசி?"

மகள் ஒரு பொட்டலத்தை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"சப்புன்னு இருக்குங்கிறதை நாசூக்கா சொல்லியிருக்கார் மனுஷன். நான் மண்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டிருக்கேன்" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதைச் சரிக்கட்ட மகள் மாடிவீட்டு இங்கிலீஷ் புரொபசரை அழைத்துவந்தாள். கூப்பிடாமலே விளக்கம் சொல்கிறவர். கூப்பிட்டால் கேட்க வேண்டுமா?

"லத்தீன்ல கேலும்னா ஆகாயம். அதுலேருந்து கேலெஸ்டிஸ். அப்புறம் பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. சூரியன், சந்திரன், நட்சத்திரம் எல்லாத்துக்கும் சொல்லலாம். சொர்க்கத்துக்கும் சொல்லலாம்."

"சொர்க்கம்னா, செத்தப்புறம் போற இடம்தானே?" என்றாள் அம்மா.

"அதேதான்!" என்றார் புரொபசர், நல்ல மாணவி கிடைத்த சந்தோஷத்தில்.

அம்மா ஓவென்று அழுதாள். "சாப்பிட்டா நேரா மேலதான்னு மூணு வேளையும் சொல்லியிருக்கார்டி! சொன்ன மாதிரியே போயிட்டார்டி!"

புரொபசர் நைசாகப் படியேறிவிட்டார்.

மகளுக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் விடவில்லை. அப்பா வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனிக்குப் போன் போட்டு, அவரோடு தினமும் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்ட நெட்டையரை வரச்சொன்னாள். அப்பா அங்கேயாவது அம்மா சமையலைப் புகழ்ந்திருப்பார், ஒரு சாட்சி கிடைக்கும் என்று நினைத்தாள்.

நெட்டையர் வாசல் நிலையில் குனிந்து உள்ளே வந்தார்.

"அப்பா செலஸ்டியல், செலஸ்டியல்னு சொல்வாரே அங்கிள், அதை எங்கே பிடிச்சார்?"

"அதுவா! நாங்க கலக்குற நீலப் பெயிண்டோட பேரும்மா. டப்பா மூடியிலேயே போட்டிருக்கும்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது.

"பெயிண்டா? என் சமையலுக்குப் பெயிண்ட் பேரா?"

"அப்படி இல்லே அண்ணி. அந்த நீலம்னா அண்ணனுக்கு உசிரு. மூடியைத் திறந்தா மூடவே மனசு வராது. பார்த்துக்கிட்டே நிப்பார்."

"நல்ல வார்த்தை சொல்லித் தப்பிக்காதீங்க. உப்பு போட மறந்த அன்னிக்கும் செலஸ்டியல். அடிப்பிடிச்ச அன்னிக்கும் செலஸ்டியல். ஒருநாள் காபியில சர்க்கரைக்குப் பதிலா உப்பையே போட்டுட்டேன். அதையும் மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டு செலஸ்டியல்னார்." அம்மா நெட்டையர் எதிரில் வந்து நின்றாள். "பொழுதெல்லாம் அந்த மனுஷனுக்காக அடுப்படியில வெந்தேன். அவருக்குப் பிடிச்சுதா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம். உங்ககிட்டேயாவது எப்பவாவது என் சாப்பாட்டைப் பத்திச் சொன்னாரா?"

நெட்டையர் அம்மாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் கொடுத்திருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவர் எங்கே சொன்னார் அண்ணி, நாங்கதான் அவருக்குச் சொல்வோம். கல்யாணத்துக்கு முந்தியே பெயிண்ட் ஆவி அடிச்சு அண்ணனுக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போச்சே! தினம் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, 'என் வீட்டுக்காரி இன்னிக்கு எப்படிச் சமைச்சிருக்கான்னு சொல்லுங்கடா'ன்னு கேட்டுட்டுத்தான் அவர் சாப்பிடவே ஆரம்பிப்பார்."