கரை தெரியாத செய்மதி

உப்புவெளி,
2007 ஐப்பசி.

கடல் கடந்தும் கடலையே படிக்கும் அன்பு மாமா யோகலிங்கம் அவர்கட்கு, மருமகள் சுகிர்தா பணிவுடன் எழுதுவது. இங்கு அம்மா, அப்பா, நான், சோதனைச் சாவடிகள் யாவரும் சுகம். அங்கு நீங்களும் மாமியும் கனடாக் குளிரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். இடையில் உறையைப் பிரித்து வாசிப்பவருக்கும் என் வணக்கம்.

மாமா, உங்களால் என் படிப்புக்கு ஆபத்து வந்துவிட்டது. உயர்தர வகுப்பில் கணிதம் படி என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, இப்போது வர்த்தகம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். காரணம் நீங்கள் அனுப்பிய கடல் வெப்பப் படம். முகில் மூடினாலும் பரவாயில்லை, கடல் தானாக விடுகிற நுண்ணலையை விண்ணில் சுற்றும் செய்மதி மேலிருந்தே பிடித்து, நீர் எத்தனை பாகை சூடு என்று சொல்லிவிடும் என்று எழுதியிருந்தீர்களே, அதில் மயங்கிய அப்பா படத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். அப்பாவிடம் மீன் வாங்க வந்த கிண்ணியா வியாபாரி அலியார் நானாவிடம், உங்கள் ஐஸ் பெட்டிமீனின் வயதும் அதில் தெரியும் என்று நான் சொல்லிவைக்க, மனுசன் பயந்துபோய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்தாரா?

"தவராசாண்ணன், எல்லாக் கடலுக்கும் நிறம் இருக்கு. நம்மட கரையச் சுத்தி மட்டும் ஏன் வெள்ளை?"

அப்பாவின் முகமும் அந்த நிறத்துக்கு வந்தது. "விளங்கேல்லையே? நேவி மறைச்சுப்போட்டான். வெள்ளை எண்டால் பாதுகாப்பு வலயம்."

அன்றே படம் சுவரிலிருந்து இறங்கி, அலுமாரியில் அம்மாவின் கூறைச் சேலைக்குக் கீழே ஒளிந்தது. "என்ர கூறைக்குள்ள நேவிட கடலோ?" என்று அம்மா அதைக் குசினிக்கு நாடு கடத்த, அது அரிசிப் பானைக்குள் தஞ்சம் புகுந்தது. மறுநாள் வழமையான சோதனைக்கு வந்த ஆமிக்காரர் தண்ணீர்தான் கேட்டார். அப்பாவோ கதிரையிலிருந்து துள்ளி எழுந்து, "எங்களிட்ட படம் ஒண்டும் இல்லை" என்றார். கேளாத கேள்விக்குப் பதில் கிடைத்தால் யார்தான் விடுவார்? படம் அரிசியோடு வெளியே வந்தது. அவர் அரிசியைத் தட்டிவிட்டு, அதில் தெற்கேயுள்ள தன் ஊர் மாத்தறையைத் தேடினார். அந்தக் கரையும் வெள்ளை. ஏன் இப்படி என்று அப்பாவிடமே கேட்டுவிட்டு, தண்ணீரைக் குடித்துப் போனார். தீவைச் சுற்றி முழுக்க வெள்ளை என்றால் நேவியின் வேலை இல்லை என்றுதானே விளங்க வேண்டும்? அப்பாவுக்கு விளங்கியது வேறு.

"பாத்தியே, தங்கட ஆக்களுக்கே காட்டாத ரகசியம். கணிதம் படிச்சுத்தான் உன்ர கொம்மான் பெரிய இடத்தில மாட்டுப்பட்டிட்டான். உந்தக் கணிதம் உனக்கு வேண்டாம் பிள்ளை."

எங்கள் பள்ளி விஞ்ஞான ஆசிரியர் கலீலுர் றஹ்மான் சேரிடம் கேட்டேன். செய்மதி ஒரே பார்வையில் பல மைல் அகலத்தை அள்ளிப் பார்க்கிறதாம். கரையோரத்தில் தரையும் அந்தப் பார்வைக்குள் வந்து விழுமாம். தரை கடலைவிடப் பலமாக நுண்ணலை வீசுமாம். சுடுகேத்தலையும் பிள்ளையின் நெற்றியையும் ஒரே கையால் தொட்டுக் காய்ச்சல் பார்த்த கதை. கணக்குப் பிழைக்கும் என்று அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுவிடுகிறார்கள். இதை நான் சொன்னால் அப்பா, "நீ எந்த நேரமும் பகிடி" என்கிறார். ஆகவே, கடலியலில் கரை கண்டவர் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற நீங்கள், உங்கள் செய்மதி கரை காணாது என்று கைப்பட எழுதித் தரவேண்டும். நேவி எங்களை மீன்பிடிக்க விடுகிற கரையோரக் கடல் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிகிற கடலுக்கு நேவி எங்களை விடாது. இப்படிப் பொருத்தம் பார்த்து அதை ஏவினது ஆர் மாமா?

வகுப்பு அடுத்த கிழமை தொடங்குகிறது. பத்திரகாளி அம்மன் உங்களையும் மாமியையும், இடமிருந்தால் செய்மதியையும் காப்பாளாக.

இப்படிக்கு,
வர்த்தகத்துக்கு வாய்க்காத மருமகள்
சுகிர்தா

பி.கு.: மாமா, மேலே கேட்ட எதையும் எழுத வேண்டாம். தபாலில் போட எடுத்த அப்பா முழுவதையும் வாசித்துவிட்டார். "அப்ப, உந்தப் படிப்பில தெரியாத இடத்தைத் தெரியாதெண்டே விடலாமோ?" என்றார். "ஓம் அப்பா." "பிறகு ஒருத்தரும் வந்து விசாரிக்க மாட்டினமோ?" "மாட்டினம்." "இஞ்ச தெரியாதெண்டு சொல்லி ஆர் தப்பினது? நீ கணிதமே படி பிள்ளை."